ஸகீனா சொன்ன பந்துவீச்சாளன்

பதுளைக் கடைத்தெருவில் மஹ்ரூபின் புடவைக்கடை முன்பக்கம் கடையும் பின்பக்கம் வீடுமாக இருந்தது. நடுவில் ஆளுயரத்துக்கு மேலே போகும் ஒரு பலகைத் தட்டி. கடையில் ஒருவர் தும்மினால் வீட்டில் கேட்கும். வீட்டில் தும்மினால் கடையில் கேட்கக் கூடாது என்பது அங்கே வழக்கம்.

ஸகீனா அந்த வீட்டுக்கு மஹ்ரூபின் மனைவியாக வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. வெலிமடையிலிருந்து, சுற்றிலும் சீலை கட்டிய மாட்டு வண்டியில் வந்தாள். அது 1891. அதற்குப் பிறகு அவள் வெளியே போனதைக் கைவிரலில் எண்ணிவிடலாம்: தன் வாப்பா மௌத்தாகி அடக்கமானபோது ஒரு தரம், மஹ்ரூபின் தங்கை கல்யாணத்துக்கு ஒரு தரம், வைத்தியரிடம் இரண்டு தரம். மூன்று பிள்ளைகள் பிறந்தன. ஒன்றும் தங்கவில்லை. மஹ்ரூப் அடிக்கிறவனோ ஏசுகிறவனோ அல்ல. ஆனால் அவனுக்கு வீட்டில் பேச எதுவும் இருந்ததில்லை. அவனுடைய பேச்செல்லாம் கடைக்குள் போட்டிருந்த வாங்கு என்னும் நீளப் பலகை இருக்கையில் நடந்தது.

அந்த வாங்கில் பேசப்பட்டது கிரிக்கெட். ஜூன் மாதம் காற்று எழும்பிப் புல் காயத் தொடங்கினால், ஐப்பசி மழை இறங்கும்வரை பதுளையில் அதுதான் பேச்சு. ஊருக்கென்று ஒரு குழு இருந்தது. கடைக்காரர்கள், அரசாங்கக் கச்சேரி எழுத்தர்கள், ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் ஒருவர், இப்படிப் பதினொரு பேர். பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடைக் குழுக்களோடு மாறி மாறி ஆடுவார்கள். பருவக் கடைசியில் யார் அதிகம் ஜெயித்தார்களோ அவர்களுக்கு, வியாபாரிகள் சேர்ந்து செய்வித்த வெள்ளிக் கிண்ணம். அது செய்த நாளிலிருந்து ஒன்பது வருஷமாகப் பண்டாரவளையில் இருந்தது.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் வாங்கு நிறையும். விளக்குக் கடை மொஹிதீன் முதலில் வருவார். அவர் ஒரு பந்தையும் பிடித்ததில்லை. ஆனால் எல்லாரைவிடவும் சத்தமாகப் பேசுவார். தபால் கந்தோரில் வேலை செய்த யாழ்ப்பாணத்து நல்லையா அடுத்து வருவார். குழுவின் தலைவர் அவர்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் எத்தனை ஓட்டம் எடுத்தார், எப்படி ஆட்டமிழந்தார் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பார்; அதை வாசித்துக் காட்டவும் செய்வார். கடைசியில் ஸலீம். பண்டாரவளை ரெயில் நிலையத்திலிருந்து பதுளைக்கும் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் சாமான் ஏற்றும் வண்டிக்காரர். அந்தக் காலத்தில் ரெயில் பண்டாரவளையோடு நின்றது. பண்டாரவளைக் குழுவில் யாருக்குக் கால் சுளுக்கு, யார் கோபித்துக்கொண்டு வராமல் இருக்கிறார் என்பதெல்லாம் ஸலீமின் வண்டியில்தான் வரும்.

தட்டிக்குப் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டு ஸகீனா இதையெல்லாம் கேட்டாள். முதல் இரண்டு வருஷம் அது அவளுக்கு வெறும் இரைச்சல். மூன்றாம் வருஷம் ஒரு நாள், மொஹிதீன் சொன்ன கணக்கு நல்லையா வாசித்த கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்று அவளுக்குப் பட்டது. யோசித்துப் பார்த்தாள். நல்லையா சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து அவள் கவனித்துக் கேட்கத் தொடங்கினாள். சுளகில் புளியங்கொட்டைகளை வைத்து, எவன் எங்கே நிற்கிறான், பந்து எங்கே போனது என்று நகர்த்திப் பார்ப்பாள். அவள் மைதானத்தைப் பார்த்ததில்லை. மட்டையைப் பார்த்ததில்லை. ஆனால் நல்லையாவின் கொப்பியில் எட்டு வருஷத்துக்கு முன் எழுதியிருந்ததுகூட அவளுக்கு மனப்பாடம்.

சில நாள் சோறு போடும்போது மஹ்ரூபிடம் ஒரு வார்த்தை சொல்வாள். "ஹப்புத்தளையான் அந்த இடக்கைக்காரன், வெயில் சாஞ்சா அவனுக்குப் பந்து தெரியுதில்ல. பகலெல்லாம் முப்பது நாப்பது எடுக்கிறான், அஞ்சு மணிக்குப் பொறகு வந்தா ஒண்டுமே எடுக்கிறானில்ல."

மஹ்ரூப் சாப்பிட்டுக்கொண்டே கேட்பான். மறுநாள் வாங்கில் அதையே சொல்வான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். "மஹ்ரூபுக்கு மூளை இரிக்கி" என்று மொஹிதீனே ஒரு நாள் சொன்னார். தட்டிக்குப் பின்னால் ஸகீனா அதைக் கேட்டுக் கொஞ்சம் சிரித்துக்கொண்டாள். தன் பேரைச் சொல்லியிருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றவில்லை. சொல்ல முடியாது என்று அவளுக்கும் தெரியும்.

*

1908இல் பதுளை நன்றாக ஆடியது. செப்டம்பர் பாதியில் பதுளையும் பண்டாரவளையும் சமமாக நின்றன. மிச்சம் ஒரு ஆட்டம். நோன்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முந்தின சனிக்கிழமை, பதுளைத் திடலில், பண்டாரவளையோடு. திடலைக் கொடுத்த அதிகாரி ஞாயிற்றுக்கிழமை ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டதால் சனிக்கிழமை.

பண்டாரவளையில் நெட்டையன் என்று ஒருவன் இருந்தான். ரெயில்வேயில் வேலை. அவனை வெளியேற்ற முடிந்தால் ஆட்டம் பதுளைக்கு, முடியாவிட்டால் அவர்களுக்கு. வாங்கில் ஒரு வாரமாக இதே சண்டை.

"வேகமாப் போடணும். வேகமாப் போட்டா நெட்டையனுக்குக் குனிய ஏலாது" என்றார் மொஹிதீன்.

"உப்பிடித்தான் போன வருஷமும் சொன்னீங்கள். அறுபத்தெட்டு அடிச்சவன்" என்றார் நல்லையா.

"அது பந்து போட்டவன்ட பிழை."

"பந்து போட்டது உங்கட மருமகன்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்போது ஸலீம் சொன்னார்: "நான் ஒரு ஆளப் பாத்தேன். செல்லட்டா?"

ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்துக்கு ஸலீம் அரிசி மூட்டை கொண்டு போவார். அங்கே தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரைக்குக் கிரிக்கெட் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பங்களாப் புல்லில் மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருக்குப் பந்து போட, கூலிகள் குடியிருக்கும் லயத்திலிருந்து ஒரு ஆளை வைத்திருந்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வீரய்யா. முதலில் பந்து பொறுக்க வந்தவன்தான். பிறகு துரை பழகுவதற்குப் பந்து போடச் சொன்னார். இப்போது துரைக்கே அவனை அடிக்க முடிவதில்லை.

"மெதுவாத்தான் போடுறான். ஆனா பந்து நெலத்துல பட்டதும் பாம்பு மாதிரி உள்ளுக்குத் திரும்புது" என்றார் ஸலீம்.

"தோட்டத்துக் கூலியக் கொண்டந்து ஊருக்கு வெளயாட உடுறதா?" என்று மொஹிதீன் கேட்டார். "பண்டாரவளையான் சிரிப்பான்."

நல்லையாவுக்கும் விருப்பமில்லை. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

ஆனால் தட்டிக்குப் பின்னால் ஸகீனாவின் கை சுளகிலேயே நின்றுவிட்டது. நெட்டையன் பதுளையோடு ஆடிய ஏழு ஆட்டங்களை அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். நான்கு தரம் அவன் ஆட்டமிழந்தது ஒரே மாதிரி. ஒவ்வொரு தரமும் மருந்து கலக்குகிறவர் கை களைத்துப்போய் மெதுவாகப் போட்ட பந்து, காலடியில் பட்டு உள்ளே வந்தது. யாரும் அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. அந்த மனிதர் களைத்துப்போனதைத்தான் எல்லாரும் குறையாகப் பேசினார்கள்.

அன்று சோறு போட்டுவிட்டு அவள் மஹ்ரூபின் முன்னால் உட்கார்ந்தாள். அது வழக்கமில்லை.

"ஸலீம் நானா செல்ற அந்த ஆளக் கூப்பிடுங்க."

"தோட்டத்தானையா?"

"நெட்டையன் நாலு தரம் அவுட் ஆனது மெதுவான பந்துக்கு. வேகத்துக்கு அவன் ஒருக்காலும் ஆகல்ல. நல்லையாட கொப்பியில இரிக்கி, பாக்கச் செல்லுங்க."

மஹ்ரூப் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினான். மறுநாள் வாங்கில் அவன் அதைச் சொன்னான். நல்லையா கொப்பியைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு, மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"உண்மைதான்" என்றார். "மஹ்ரூப், நீர் இதை எங்கயிருந்து பிடிச்சீர்?"

"யோசிச்சேன்" என்றான் மஹ்ரூப்.

*

சனிக்கிழமை காலையில் ஸலீம் வீரய்யாவை வண்டியில் கொண்டுவந்து பக்கத்துச் சந்தில் இறக்கினார். வெள்ளைக் காற்சட்டை போட்டுப் பார்க்க அவனை வீட்டுப் பின்வாசலுக்கு வரச் சொன்னார்கள். ஸகீனா கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உள்ளே நின்றாள். மெலிந்த ஆள். இருபத்தைந்து வயது இருக்கும். கையில் கவ்வாத்துக் கத்தி கீறிய தழும்புகள். காற்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

மஹ்ரூப் கேட்டான். "தொரட்ட செல்லிட்டுத்தானே வந்த?"

"தொரகிட்ட எப்புடிங்க மொதலாளி சொல்றது? விட மாட்டாரு. கங்காணிகிட்ட வவுத்து வலின்னு சொல்லி, காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போகாம வந்துட்டேன்."

"ஏதாச்சும் வந்தா?"

வீரய்யா கயிற்றை இறுக்கினான். மஹ்ரூபே சொன்னான்: "ஒண்டும் வராது. வந்தா நாங்க இரிக்கிறோம். நான் பாத்துக்கிறேன்."

மஹ்ரூப் கடைக்குள் போனதும் ஸகீனா கதவிடுக்கு வழியாக ரொட்டியும் சம்பலும் வைத்த தட்டை நீட்டினாள். வீரய்யா குந்தி உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் நின்றுகொண்டே இருந்தாள். பதினைந்து வருஷம் கேட்டுக்கேட்டுச் சேர்த்தது அவள் வாய்வரை வந்து நின்றது.

"பந்து எந்தப் பக்கம் திரும்பும்?" என்று கேட்டாள்.

வீரய்யா நிமிர்ந்து கதவைப் பார்த்தான். பிறகு கையைக் காட்டினான். "இந்த ரெண்டு வெரல வச்சுத் திருவுவேங்க. வெளிய வுழுந்து உள்ள வரும். கொஞ்சம் ஒசரமாப் போட்டா நல்லா வருங்க."

"நெட்டையா ஒரு ஆள் வருவான். அவன்ட காலுக்கிட்ட மெதுவாப் போடு. வேகமாப் போடச் செல்லிச் சத்தம் போடுவாங்க. கேக்காத."

"சரிங்கம்மா" என்றான். தட்டைக் கழுவி வாசற்படியில் கவிழ்த்துவிட்டுப் போனான்.

கிரிக்கெட் ஆடுகிற ஒருவனோடு ஸகீனா தன் வாழ்நாளில் பேசியது அவ்வளவுதான்.

*

திடல் கடைத்தெருவிலிருந்து அதிக தூரமில்லை. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் சத்தம் கேட்கும். பகல் முழுக்க ஸகீனா குசினி அடுப்படிக்கும் பின்வாசலுக்குமாக நடந்தாள். முதலில் பதுளை ஆடி தொண்ணூற்று நாலு ஓட்டம் எடுத்தது என்று சந்தில் போன யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். பிறகு வெகு நேரம் சத்தமில்லை. அது கெட்ட அறிகுறி என்று அவளுக்குத் தெரியும்.

அங்கே பண்டாரவளை ஒரு விக்கெட்டுக்கு ஐம்பது ஓட்டம் எடுத்திருந்தது. நெட்டையன் நின்று ஆடிக்கொண்டிருந்தான். நல்லையா வீரய்யாவை எல்லையோரத்தில் நிறுத்தி வைத்திருந்தாரே தவிரப் பந்தைக் கொடுக்கவில்லை. கொடுக்க வெட்கப்பட்டார். மஹ்ரூப் கயிற்றோரம் ஓடிப்போய் மூன்று தரம் கத்திய பிறகுதான் கொடுத்தார்.

வீரய்யாவின் இரண்டாவது பந்தில் நெட்டையன் போனான். காலடியில் மெதுவாக விழுந்து, உள்ளே வந்து, நடுக்குச்சியைத் தட்டியது. அதற்குப் பிறகு யாராலும் வீரய்யாவின் பந்தை ஆட முடியவில்லை. ஆறு பேரை அவன் ஒருவனே எடுத்தான். பண்டாரவளை எண்பத்தொன்றில் முடிந்தது.

அந்தச் சத்தம் ஸகீனாவுக்குக் கேட்டது. கிண்ணம் ஜெயித்துப் பதுளைக்காரர்கள் சத்தம் போட்டால் எப்படி இருக்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. ஒன்பது வருஷமாக அவர்களுக்குச் சத்தம் போட ஒன்றும் இருந்ததில்லை. அவள் பின்வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பொழுது சாயும்போது வாங்கு நிறைந்து வழிந்தது. மஹ்ரூபை எல்லாரும் தட்டிக் கொடுத்தார்கள். ஸலீம் மட்டும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். வீரய்யாவை அவர்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"என்ன ஸலீம், மொகத்த தொங்கப் போட்டுக்கிட்டு?" என்று மொஹிதீன் கேட்டார்.

"கூடாரத்துல தொரமார் இருந்தாங்களே, பாத்தீங்களா? அதில அவன்ட தொரயும் இருந்தாரு. மொதல் விக்கெட்டுக்குக் கை தட்டினாரு. ரெண்டாவதுக்குத் தட்டல்ல. எழும்பி நிண்டு பாத்தாரு. பொறகு ஆட்டம் முடிய முந்தியே குதிரையில ஏறிப் போனாரு."

 பிறகு யாரோ நெட்டையனின் முகம் போன போக்கைச் சொல்ல, மறுபடியும் சிரிப்பு எழுந்தது. தட்டிக்குப் பின்னால் ஸகீனா மட்டும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

*

திங்கட்கிழமை வீரய்யாவைப் பிடித்துக்கொண்டு வந்து பதுளைச் சிறையில் போட்டார்கள். உத்தரவில்லாமல் வேலையை விட்டுப் போனது, பொய் சொன்னது என்று துரை வழக்கு வைத்திருந்தார். அன்றைய சட்டத்தில் தோட்டத்து ஆள் ஒரு நாள் சொல்லாமல் போனாலும் குற்றம்தான். வழக்கு வியாழக்கிழமை.

செவ்வாய்க்கிழமை பகல் பின்வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தலையில் கொழுந்துக் கூடைக் கயிறு பதிந்த தடம். ஹாலிஎலைக்கு மேலேயிருந்து நடந்தே வந்திருந்தாள். பேர் வேலாயி. வீரய்யாவின் பெண்சாதி.

"மொதலாளியப் பாக்கணுங்கம்மா" என்றாள். "ஏதாச்சும்னா பாத்துக்கிறேன்னு சொன்னாராம். எங்க ஆளு சொல்லிச்சு."

ஸகீனா அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். வேலாயி தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள்.

"தொர என்னமோ அது அவரு பந்துங்குறாராம். அவரு சொல்லிக் குடுத்ததாம். அத ஊர்க்காரனுங்களுக்குக் கொண்டுபோயிக் குடுத்துட்டான்னு சொல்லிச் சொல்லித் திட்டுறாராம். எனக்கு ஒண்ணும் புரியலீங்கம்மா. பந்து போட்டதுக்கா செயிலு?"

"பந்துக்கு இல்ல. செல்லாமப் போனதுக்கு" என்றாள் ஸகீனா.

"கோர்ட்டுல பெரியவுங்க யாராச்சும் நின்னு, நாங்கதான் கூப்புட்டோம், அவன் மேல தப்பில்லன்னு ஒரு வார்த்த சொன்னா, அவராதத்தோட விட்டுருவாங்கன்னு தோட்டத்துப் பெரிய கிளாக்கரே சொன்னாருங்க. மொதலாளி வருவாருங்களா?"

"வருவார்" என்றாள் ஸகீனா.

சாப்பிட வந்த மஹ்ரூபிடம் அவள் சொன்னாள். அவனும் மறுக்கவில்லை. "போறேன். நல்லையாவையும் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றான். வேலாயி அவன் இருந்த பக்கமாகப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நல்லையா வர முடியாது என்றார். அரசாங்க உத்தியோகம், கோர்ட்டில் துரைக்கு எதிராக நின்றால் மாற்றல் வரும். மொஹிதீனுக்கு அன்று கொழும்பிலிருந்து சரக்கு வருகிறதாம். புதன்கிழமை அந்தத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் மஹ்ரூபின் கடைக்கு வந்தார். மழைக்காலத்துக்குத் தோட்டம் எப்போதும் மஹ்ரூபிடம்தான் கம்பளி எடுக்கும். முன்னூறு கம்பளிக்கு ஓடர் எழுதிக் கொடுத்தார். எழுதி முடித்து, பேனாவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தொர ரொம்பக் கோவமா இருக்காருங்க. நாளைக்குக் கோர்ட்டுக்கு டவுன் ஆளுங்க யார் யாரு வர்றாங்கன்னு பாத்துட்டு வரச் சொல்லியிருக்காரு. சும்மா ஒங்க காதுல போட்டு வச்சேன்."

தட்டிக்குப் பின்னால் ஸகீனா இதைக் கேட்டாள். அன்று மாலை வாங்கில் கிரிக்கெட் பேச்சே இல்லை.

வியாழக்கிழமை காலை மஹ்ரூப் கோட்டை மாட்டினான், தொப்பியை வைத்தான், கடையில் போய் உட்கார்ந்தான். ஏற்கெனவே மடித்திருந்த துணியை விரித்து மறுபடியும் மடித்தான். ஸகீனா தட்டியருகே வந்தாள்.

"ஒம்பதாகுது" என்றாள்.

"தெரியும்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தாள். "பத்து மணிக்கு எடுப்பாங்கெண்டு வேலாயி சென்னாளே."

தட்டிக்கு அந்தப் பக்கம் துணி உதறும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்க போகாட்டி நான் போறேன். நான்தான் அவனக் கூப்பிடச் சென்னேன்."

"நீ எங்க போவ?" என்றான் மஹ்ரூப். அவன் குரலில் கோபம் இல்லை. "கோர்ட்டு எங்க இரிக்கெண்டு ஒனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. பின்வாசலைத் திறந்து சந்து முனைவரை போனாள். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நின்று பார்த்தாள். யாரோ ஒரு ஆள் அவளை ஏற இறங்கப் பார்த்தான். திரும்பி வந்துவிட்டாள்.

வழக்கு கால் மணி நேரம்கூட எடுக்கவில்லை. வீரய்யாவுக்காக நின்றது ஸலீம் ஒருவர்தான். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு மாதம், கடுங்காவல்.

*

ஞாயிற்றுக்கிழமை நோன்பு தொடங்கியது. அந்த முப்பது நாளும் ஸகீனா வீரய்யாவுக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்டாள். கடையில் வெள்ளிக் கிண்ணம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் பார்க்கவில்லை. பார்க்கும்படி மஹ்ரூபும் சொல்லவில்லை.

வேலாயிக்கு ஒரு கம்பளியும் கொஞ்சம் அரிசியும் ஸலீமிடம் கொடுத்தனுப்பினாள். ஸலீம் அரிசியைக் கொடுத்துவிட்டுக் கம்பளியைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"எடுக்க மாட்டேங்கிறா. குளுருக்கு எங்ககிட்ட இருக்குங்க, அம்மாவ மனசக் கொழப்பிக்க வேணாம்னு சொல்லுங்கன்னா."

"கோவமா இரிந்தாளா?"

ஸலீம் யோசித்தார். "கோவமா இரிந்தா நல்லாயிருந்திருக்கும் தங்கச்சி. இல்ல."

வீரய்யா வெளியே வந்தது மழை கொட்டிக்கொண்டிருந்த நாளில். சிறையில் ரோட்டுக்குக் கல் உடைக்க விட்டிருந்தார்கள். சுத்தியல் தவறி விழுந்து வலது கையில் இரண்டு விரல் நசுங்கியிருந்தது. பந்தைத் திருகுகிற அதே விரல்கள். அவனுக்குப் போக வேறு இடமில்லை. அதே தோட்டத்துக்கு, அதே லயத்துக்குத்தான் போனான். துரை அவனைச் சேர்த்துக்கொண்டார்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துரை அவனைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பியதை ஸலீம் கண்ணால் பார்த்தார். வாங்கில் வந்து சொன்னார். துரை மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீரய்யாவிடம் பந்தைக் கொடுத்தார்கள். அவன் போட்டான். பந்து நேரே போனது. மறுபடியும் போட்டான். நேரே போனது. துரை அடித்து அடித்து மரத்துக்கு மேலே தூக்கினார். பத்துப் பன்னிரண்டு பந்துக்குப் பிறகு துரைக்கே அலுத்துவிட்டது. மட்டையைப் புல்லில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். வீரய்யா பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டு வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவனை யாரும் பந்து போடக் கூப்பிடவில்லை.

"அப்ப அடுத்த வருஷம் அவன் இல்ல" என்றார் மொஹிதீன். "வேற ஆள்தான் பாக்கணும்."

*

அடுத்த ஜூனில் காற்று எழும்பியது, வாங்கு நிறைந்தது. சோறு போடும்போது மஹ்ரூப் ஸகீனாவின் முகத்தைப் பார்த்தான்.

"வெலிமடையோட ஆட்டம் வருது. யார மொதல்ல எறக்குறது? நீ என்ன நெனைக்கிற?"

"எனக்குத் தெரியாது" என்றாள்.

அடுத்த வாரமும் கேட்டான். அதையே சொன்னாள். தெரியாமல் இல்லை. அவள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கேட்காமல் இருக்க அவளுக்கு முடியவில்லை. காதைப் பொத்திக்கொண்டு குசினியில் உட்கார்ந்தாலும் நல்லையாவின் குரல் வந்தது, கணக்கு தானாகச் சேர்ந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. மஹ்ரூப் சொந்தமாகச் சில யோசனைகள் சொன்னான். எல்லாம் பிசகின. ஒரு ஆட்டத்தில் அவன் சொன்னதைக் கேட்டு நல்லையா தோற்றார். பிறகு மஹ்ரூப் பேசினால் வாங்கில் யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. கிண்ணம் மறுபடியும் பண்டாரவளைக்குப் போனது.

வருஷங்கள் போயின. நல்லையாவுக்குத் திருகோணமலைக்கு மாற்றல் வந்தது. கொப்பியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதுளை ஒருமுறை கிண்ணம் எடுத்ததைப் பற்றி இன்னும் பேசினார்கள். ஆனால் பேச்சு ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் மாறியது. முதலில் வீரய்யா, "அந்தத் தோட்டத்து ஆள்" ஆனான். பிறகு அவனும் மருந்து கலக்குகிறவரும் மூன்று மூன்று விக்கெட் எடுத்ததாக ஆனது.

1917 செப்டம்பரில் ஒரு நாள் வாங்கில் சில இளவட்டங்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மொஹிதீனுக்கு அப்போது தாடி நரைத்திருந்தது. அவர் அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நெட்டையன் நிண்டு அடிக்கிறான். அம்பது ஓட்டம். எனக்குத் தாங்கல்ல. எங்கட மருமகன் ஜௌபரக் கூப்பிட்டு, வேகமாப் போடுடா எண்டு சென்னேன். போட்டான். குச்சி பறந்திச்சு. அண்டைக்கு ஆறு விக்கெட் அவன்."

ஸலீம் அப்போது அங்கே இல்லை. அவர் வண்டியை விற்றுவிட்டு மகளோடு ஹப்புத்தளையில் இருந்தார். மஹ்ரூப் இருந்தான். அவன் ஒரு துணியை எடுத்து மடித்தான்.

"வீரய்யா" என்று தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆறு விக்கெட்டும் வீரய்யா. மெதுவான பந்து. ஜௌபர் அண்டைக்கு ஒண்டும் எடுக்கல்ல. பதினேழு ஓட்டம் குடுத்தார்."

 இருபத்தாறு வருஷத்தில் அந்தத் தட்டிக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள் என்பதை வாங்கில் இருந்தவர்கள் முதல்முறையாகக் கேட்டார்கள். இளவட்டங்களில் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். மஹ்ரூப் செருமினான். மொஹிதீன் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "மஃரிப் தொழுகைக்கு நேரமாகுது" என்றார். நேரமாகவில்லை.

மஹ்ரூப் உள்ளே வந்தபோது ஸகீனா அடுப்புக்கு முன்னால் இருந்தாள். அவன் அவளை ஏசவில்லை.

"ஏன் அப்பிடிச் செஞ்ச?" என்று மட்டும் கேட்டான்.

"அவன்ட பேரையாவது வெச்சிரிக்கலாமே" என்றாள்.

மறுநாள் இரண்டு ஆட்கள் வந்து வாங்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம், மொஹிதீனின் விளக்குக் கடை வாசலில் அது போடப்பட்டது. மஹ்ரூபும் அங்கேதான் போய் உட்கார்ந்தான். அங்கிருந்து பேச்சு இந்தப் பக்கம் வரவில்லை. வண்டிச் சத்தத்துக்கு நடுவே சில சமயம் சிரிப்பு மட்டும் வரும். எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியாது. ஸகீனா சில மாலைகள் தட்டியோரம் நின்று காது கொடுத்துப் பார்த்தாள். பிறகு நிற்பதை விட்டுவிட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் தோட்டத்துக்குச் சாமான் கொண்டுபோகிற புது வண்டிக்காரன் பின்வாசலுக்கு வந்தான். வேலாயியைப் பற்றி விசாரிக்கும்படி அவனிடம் அவள் சொல்லியிருந்தாள்.

"அந்த லயத்துல அப்புடி யாரும் இல்லீங்க. முன்ன இருந்தவுங்க மொனராகலைப் பக்கம் போயிட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. காச்சல்ல போயிட்டாங்கன்னு இன்னொருத்தர் சொன்னாரு. ரெண்டு பேருக்கும் சரியாத் தெரியல."

"வீரய்யா எண்டு பேரு சென்னீங்களா?"

"சொன்னேங்க. எந்த வீரய்யான்னு கேட்டாங்க."

அன்று மஹ்ரூப் சாப்பிட வந்தான். தட்டைப் பார்த்துக்கொண்டே, அவள் கேட்காமலே, "ஹப்புத்தளையோட தோத்துட்டோம். நாப்பத்தி ரெண்டுல எல்லாரும் போய்ட்டாங்க" என்றான்.

ஸகீனா சட்டியைத் திறந்து பார்த்தாள்.

"மீன் இன்னும் ஒரு துண்டு இரிக்கி" என்றாள். "வெக்கட்டா?"